கையால செஞ்ச 3டி பிரிண்டர் பார்ட்ஸ் மக்கர் பண்ணுதா? அறிகுறிய பார்த்து கோளாறைப் பிடிக்கிற வழி

ஹட்டன் பக்கம் இருந்துகிட்டு 3டி பிரிண்டர் கட்டுறவங்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கு, ஒரு சின்ன பிராக்கெட் வேணும்னாலும் ஒரு நாளை செலவழிச்சு கொழும்பு புறக்கோட்டைக்குப் போகணும் இல்லாட்டி ஓடர் போட்டுட்டு காத்துக்கிட்டு இருக்கணும், அதனால நம்ம தம்பிமார் அலுமினியத் தகட்டை வாங்கி அரத்தையும் டிரில்லையும் வச்சு தாங்களே செஞ்சிடுறாங்க. நல்ல வேலை, நானும் அப்படித்தான் கட்டினேன். ஆனா அப்படி கட்டின மெஷின் சரிபண்ண என் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே கதை. பிரிண்ட் சரியா வரலைன்னு மூணு நாலு நாள் சொப்ட்வெயார்ல நம்பரை மாத்தி மாத்திப் பார்த்திருப்பாங்க, கோளாறு உலோகத்துல இருக்கும். கோணலா விழுந்த ஓட்டைய எந்த செட்டிங்கும் நேராக்காது.

கீழ இருக்கிறது எல்லாம் நான் திரும்பத் திரும்ப சரிபண்ணின கோளாறுங்க. ஒவ்வொன்னுலயும் காசு செலவில்லாத காரணம் முதல்ல, செலவு கூடினது கடைசில. அந்த வரிசைலயே போங்க, நடுவுல தாவாதீங்க. கையில ஒரு வேர்னியர், மூலைமட்டம், சென்டர் பஞ்ச், 2, 2.5, 3.3, 3.5, 4.2 டிரில் பிட், எம்3 எம்4 எம்5 டேப் (ஓட்டைக்குள்ள ஸ்குரு புரி வெட்டுற சாமான், எம்3ன்னா 3 எம்எம் ஸ்குருவுக்கு), ஒரு வட்ட அரம், ஒரு தட்டை அரம், ஒரு துண்டு தடிச்ச கண்ணாடி இருந்தா போதும்.

## மோட்டர் பிளேட்டுல மூணு ஸ்குரு ஏறுது, நாலாவது ஏறலை

பிரிண்டர்ல வழக்கமா போடுற ஸ்டெப்பர் மோட்டர் சைஸ் நெமா 17, அதுக்கு ஸ்குரு ஓட்டைங்க 31 எம்எம் சதுரத்துல இருக்கும், நடுவுல 22 எம்எம் வட்டமா ஒரு மேடு.

பிசிறு இருக்கா? ஓட்டை ஓரத்தை விரலால தடவுங்க, குத்துதுன்னா பெரிய டிரில் பிட் ஒன்ன கையில பிடிச்சே ரெண்டு சுத்து சுத்தி எடுங்க. பாதி கேஸ் இதோட முடிஞ்சிடும்.

நடு மேடு இடிக்குதா? ஸ்குரு இல்லாம மோட்டரை பிளேட்ல வச்சுப் பாருங்க, ஒரு பக்கம் பேப்பர் துண்டு உள்ள போகுதுன்னா மேடு இடிக்குது, நடு ஓட்டைய 22.5க்கு அரம் போட்டு விரிச்சா சரி.

ரெண்டும் இல்லையா? அப்போ ஓட்டை இடம் மாறி விழுந்திருக்கு. ஓட்டை போட்ட அதே சைஸ் பிட் ரெண்ட எடுத்து ரெண்டு ஓட்டையில சொருகி வெளிப்பக்கத்துல வேர்னியர் பிடிங்க, வர்ற அளவுல ஒரு பிட்டோட தடிப்பைக் கழிச்சா நடுவுக்கு நடு தூரம் கிடைக்கும். பக்கம் நாலும் 31, மூலைக்கு மூலை ரெண்டும் 43.84 வரணும். வித்தியாசம் 0.3க்குள்ளன்னா ஓட்டைய 3.5க்கு விரிச்சு வாஷர் போட்டு இறுக்குங்க. அதைத் தாண்டிச்சுன்னா வட்ட அரத்தால நீட்டுங்க. ஒரு எம்எம் தாண்டினாலும் பிளேட்டை தூக்கிப் போட வேணாம், நடு ஓட்டை சரியா இருந்தா 45 டிகிரி திருப்பி புதுசா நாலு ஓட்டை போடலாம், மோட்டர் டைமண்ட் மாதிரி சாய்ஞ்சு நிக்கும், சுத்த இடம் இருந்தா வேலைக்கு ஒரு குறையும் வராது.

இது ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னா குறி போடுற இடத்துல அவசரம். பென்சில் கோடு அரை எம்எம் தடிப்பு இருக்கும், அதுல எந்த இடத்துல பஞ்ச் வைக்கிறதுன்னு யாருக்கும் தெரியாது. நான் செய்றது இப்படி: தகட்டுல கறுப்பு மார்க்கரை பூசி காய விட்டு, வேர்னியரை 31ல பூட்டி அதோட கூர் முனையாலயே கீறுவேன், கறுப்புக்குள்ள மயிர் மாதிரி வெள்ளிக் கோடு விழும். ரெண்டு கோடு வெட்டுற இடத்துல பஞ்ச் முனைய கோட்டு மேல இழுத்துட்டு வந்தா மத்தக் கோட்டுப் பள்ளத்துல டக்குன்னு விழும், கையிலேயே அது தெரியும். அங்க மெதுவா ஒரு தட்டு மட்டும் தட்டிட்டு லென்ஸ் வச்சுப் பாருங்க. புள்ளி ஒதுங்கியிருந்தா பஞ்சை சாய்ச்சு தட்டி இழுத்துக்கலாம், முதல் தட்டையே பலமா போட்டுட்டா அதுக்கப்புறம் இழுக்க ஏலாது. பிறகு 2 எம்எம் பிட்டால ஆரம்பிங்க, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக்கிட்டே இருங்க, காஞ்சு போய் துளைச்சா அலுமினியம் பிட் வாய்ல ஒட்டிக்கிட்டு ஓட்டை பெருசாயிடும். மண்ணெண்ணெய் பக்கத்துல நெருப்பு, சிகரெட் எதுவும் வேணாம்.

## கேரேஜ் ராட்ல இறுகுது, சில இடத்துல மட்டும் நிக்குது

கேரேஜ்னா ராட் மேல வழுக்கி ஓடுற பகுதி. முதல்ல பெல்ட்டை கழட்டுங்க. பிரேமை ஒரு பக்கம் தூக்கினா கேரேஜ் தன் பாரத்துலயே வழுக்கி வரணும். வருதுன்னா உங்க கோளாறு பெல்ட் இழுவையிலயோ மோட்டர்லயோ இருக்கு, ராட்ல இல்ல. வரலையா, எங்க நிக்குதுன்னு பாருங்க.

### ஒரு முனையில மட்டும் இறுகுது

ரெண்டு ராடும் அந்த முனையில ஒன்னுக்கொன்னு சமமா இல்ல. ரெண்டு முனையிலயும் ராட் வெளிப்பக்கத்துல வேர்னியர் பிடிச்சா 0.2 வித்தியாசம் கூட காட்டிக் கொடுத்துடும். ஒரு முனை பிளேட் ஸ்குருவ லேசா தளர்த்துங்க, கேரேஜை அந்த முனைக்கே கொண்டு போங்க, அது தன் இடத்தை தானே எடுத்துக்கும், அங்கேயே வச்சு இறுக்குங்க. பிறகு மத்த முனையிலயும் அதே மாதிரி.

இதுலயும் சரி வரலைன்னா முனை பிளேட் ரெண்டும் தனித்தனியா துளைச்சதா இருக்கும். அந்த பிளேட்டுங்களை திரும்ப செய்றது தான் வழி, ஆனா இந்தத் தடவை ரெண்டையும் ஒன்னு மேல ஒன்னு வச்சு வைஸ்ல கட்டி ஒரே துளையா போடுங்க. அளவு 0.4 தப்பியிருந்தாலும் ரெண்டுலயும் ஒரே மாதிரி தப்பியிருக்கும், ராட் நேரா நிக்கும். கையால வேலை செய்றவனுக்கு இதை விட பெரிய உதவி வேற இல்ல. இதுக்கு காசும் வேணாம், மெஷினும் வேணாம்.

### முழு நீளத்துக்கும் இறுக்கம்

எல்எம்8யூயூ பெயாரிங்கை (8 எம்எம் ராட் மேல வழுக்கி ஓடுற குண்டு பெயாரிங்) பிடிக்கிற கவ்வை ரொம்ப இறுக்கியிருப்பீங்க. அந்த பெயாரிங் ஓடு மெல்லிசு, அழுத்தினா உள்ள குண்டு ராட்டை கவ்விடும். கவ்வு ஸ்குருவ கால் சுத்து விடுங்க, ஓடுதா பாருங்க. ஓடினா அவ்வளவு தான்.

இல்லைன்னா நாலு பெயாரிங்ல ஒன்ன மட்டும் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க. லேசாயிடுச்சுன்னா அந்த ஒன்னு தான் வரிசைல இல்லாதது, அதோட ஓட்டைங்களை மட்டும் நீட்டினா போதும். ஒரு ராட்ல ரெண்டு பெயாரிங், மத்த ராட்ல ஒன்னு, மூணே போதுங்கிறது என் அபிப்பிராயம். நாலு போட்டு மல்லுக்கட்டுறதை விட மூணு போட்டு நிம்மதியா இருக்கலாம்.

### அங்கங்க கரகரன்னு சத்தம்

ராட்டை துடைச்சுட்டு நகத்தை குறுக்கால இழுத்துப் பாருங்க. புள்ளி புள்ளியா தட்டுப்பட்டா துரு. நம்ம பக்கம் மே மாசத்துலேர்ந்து மழையும் பனிமூட்டமும், ஜன்னல் ஓரம் வச்ச மெஷின்ல ராட் சீக்கிரம் செம்பட்டை பிடிச்சிடும். மெல்லிசு உப்புத்தாள், பிறகு தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு, வேலை முடிஞ்சதும் துணியோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடி வைக்கிறது.

நகம் நீளமான கோட்டுல விழுந்துச்சுன்னா விஷயம் வேற. ஹார்ட்வெயார் கடைல வாங்கின சாதாரண இரும்பு ராட் மெது, பெயாரிங் குண்டு அதுல வாய்க்கால் வெட்டிடும். பழைய இங்க்ஜெட் பிரிண்டர்ல கழட்டின ராட்டும் பெரும்பாலும் புஷ் (குண்டு இல்லாத வழுக்குற குழாய்) ஓட செஞ்சது, குண்டு பெயாரிங்குக்கு செஞ்சதில்ல. அதுக்கு அதே மாதிரி புஷ்ஷையே போடுங்க, இல்லாட்டி கெட்டிப்படுத்தின ராட் வாங்குங்க. வேற வழி கிடையாது. புது ராட் வந்ததும் கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, நடுவுல வெளிச்சம் ஏறி இறங்குச்சுன்னா வளைவு, திருப்பி அனுப்புங்க.

### லேத்துக்கு எப்போ

பெயாரிங் உட்கார 15 எம்எம் ஓட்டை வேணும்னா கை டிரில்லால முயற்சி பண்ண வேணாம், அது மூணு மூலையா தான் விழும். டவுன்ல லேத் பட்டறைக்கு கொண்டு போங்க, ஆனா நம்பரை மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க. நம்ம மலையகத்துல லேத் பிடிக்கிற பழைய ஆளுக தேயிலை பேக்டரி மெஷின்கள்ல கை பழகினவங்க, இன்னும் இன்ச், நூல் கணக்குல தான் கதைப்பாங்க. ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் 3.175 எம்எம். ஒரு தடவை நான் ஒரு பட்டறையில 15 எம்எம்னு வாயால சொல்லிட்டு வந்தேன், அஞ்சு நூல் பிட்டால துளைச்சு வச்சிருந்தாங்க. அது 15.875. பெயாரிங் உள்ள லொடலொடன்னு ஆடுது, ரெண்டு நாள் அறுத்து அரம் போட்டு சதுரமாக்கின கட்டை வீணாப் போச்சு. அன்னைக்கு எவ்வளவு மனசு கஷ்டப்பட்டேன்னு சொல்ல ஏலாது. அப்போலேர்ந்து பெயாரிங்கையே கையில கொடுத்து, "அண்ணே, இது கையால அழுத்தினா போகணும், சுத்தியல் தேவைப்படக் கூடாது, தானா விழவும் கூடாது"ன்னு சொல்லிடுவேன். அதுக்கப்புறம் ஒரு தடவை கூட தப்பா வரலை. அதே போல 8 எம்எம் ராட்டுக்கு ரெண்டரை நூல் பிட் போட்டா 7.94 தான் வரும், ராட் ஏறாது.

## பிரிண்ட் சுவர்ல வரி வரியா மேடு பள்ளம்

வேர்னியரை எடுத்து வரிக்கும் வரிக்கும் எவ்வளவு தூரம்னு அளங்க, அந்த நம்பரே பேசிடும்.

8 எம்எம்க்கு ஒரு தடவை வருதா? மேல கீழ ஏத்தி இறக்க நீங்க போட்டிருக்கிற டி8 ஸ்குரு ஒரு சுத்துக்கு 8 எம்எம் ஏறுறது, அப்போ கோளாறு ஸ்குருவுல. 1.25க்கு ஒன்னா? ஹார்ட்வெயார் கடை எம்8 புரி ராட், அதோட புரி இடைவெளி அது. கணக்கே இல்லாம வருதா? அப்போ இந்த ஸ்குரு விஷயம் இல்ல, ஹொட்டென்ட் (பிளாஸ்டிக்கை உருக்குற பகுதி) சூடு ஏறி இறங்குது இல்லாட்டி பிலமென்ட் (உள்ள போற பிளாஸ்டிக் இழை) ஈரம்.

ஸ்குருதான்னா முதல்ல பித்தளை நட்டோட ஸ்குருங்களை தளர்த்திட்டு கேரேஜை அடி வரைக்கும் இறக்குங்க, அங்க வச்சு இறுக்குங்க. நட்டும் மோட்டரும் ஒரே நேர்ல வந்துடும். ஓசி வேலை, பல மெஷின்ல இதுவே போதும்.

அடுத்தது மேல் முனைய பாருங்க. மோட்டரை சுத்த விட்டுட்டு ஸ்குரு உச்சிய ஒரு வெள்ளைத் தாள் முன்னாடி கவனிங்க, வட்டம் போடுதுன்னா ஒன்னு ஸ்குரு வளைஞ்சிருக்கு இல்லாட்டி கப்ளிங் (மோட்டர் தண்டையும் ஸ்குருவையும் இணைக்கிற துண்டு) கோணல். உச்சியில பெயாரிங் போட்டு இறுக்கிப் பிடிச்சிருந்தீங்கன்னா அதை கழட்டி விடுங்க, வளைஞ்ச ஸ்குருவ ரெண்டு பக்கமும் பிடிச்சா அந்த வளைவு எல்லாம் நொசில் (பிளாஸ்டிக் வெளிய வர்ற முனை) மேல போய் சேரும், உச்சி சும்மா ஆடினா அவ்வளவு கெடுதி இல்ல. பிறகு ஸ்குருவ கழட்டி கண்ணாடியில உருட்டுங்க. நேரா உருளுதுன்னா கப்ளிங் தான்.

கையால செஞ்ச கப்ளிங் இந்த இடத்துல தான் மாட்டிக்கும். ஒரு பக்கம் 5 மறுபக்கம் 8, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் டிரில் போட்டு நடுவுல சந்திக்க வைக்கப் பார்ப்பாங்க, சந்திக்கவே சந்திக்காது. லேத்துல ஒரே பிடியில, கட்டைய சக்லேர்ந்து கழட்டாம, 5 எம்எம் முழுசா விட்டு அதே பக்கத்துலேர்ந்து பாதி தூரம் 8ஆக்கினா தான் ரெண்டும் ஒரே மையத்துல வரும். பட்டறையில இதை வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க. இல்லாட்டி கடைல வாங்குங்க, விலை குறைஞ்ச பார்ட் அது, அதுக்குப் போய் மெனக்கெடத் தேவையில்லன்னு தான் நான் சொல்வேன்.

பித்தளையில துளை போடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண பிட் பித்தளைய கடிச்சு இழுத்துக்கும், கட்டைய கையில பிடிச்சிருந்தா விரல் போயிடும். பிட்டோட வெட்டுற வாய் ரெண்டையும் சாணைக் கல்லுல நேரா தேய்ச்சு கூரோட சாய்வை எடுத்துடுங்க, அதுக்கப்புறம் சுரண்டுற மாதிரி அமைதியா போகும். வைஸ் இல்லாம பித்தளைய தொடாதீங்க.

பொருளோட உயரமே தாறுமாறா வந்தா: எம்8 ராட்டை எடுத்துட்டு டி8 போட்டவங்க ஸ்டெப் நம்பரை (1 எம்எம் ஏற மோட்டர் எத்தனை ஸ்டெப் போகணும்ங்கிறது) மாத்த மறந்திருப்பீங்க. 16 மைக்ரோஸ்டெப்ல எம்8க்கு 2560, டி8க்கு 400. மாத்தலைன்னா 6.4 மடங்கு உயரத்துக்கு போகும்.

## அலுமினியத்துல போட்ட புரி உருண்டு போச்சு

ஸ்குருவ இறுக்க இறுக்க சும்மா சுத்துது. எந்த பிட்டால துளைச்சீங்கன்னு பாருங்க முதல்ல, எம்3க்கு 2.5, எம்4க்கு 3.3, எம்5க்கு 4.2. எம்3க்கு 2.8 போட்டிருந்தா புரி பாதி கூட இருக்காது.

சரி பண்ற வரிசை: ஓட்டை ஆழமா இருந்து ஸ்குரு கட்டையா இருந்தா நீளமான ஸ்குரு போட்டு அடியில இருக்கிற நல்ல புரிய பிடிங்க. அது இல்லைன்னா மறுபக்கம் வரைக்கும் துளைச்சு நட் போடுங்க, பார்க்க அழகில்ல, ஆனா விடாது. அதுக்கும் இடமில்லைன்னா 3.3க்கு விரிச்சு எம்4 டேப். அதுவும் போச்சுன்னா தான் சுருள் இன்சர்ட் (ஓட்டைக்குள்ள புதுப் புரியா உட்காருற கம்பிச் சுருள்), அதுக்கு டூல் வச்சிருக்கிற மோட்டர் சைக்கிள் கராஜ் இருந்தா கேட்டுப் பாருங்க.

### டேப் உள்ளேயே முறிஞ்சு போச்சு

டிரில் எடுத்துக்கிட்டு போகாதீங்க. டேப் உங்க பிட் அளவுக்கே கெட்டி, பிட் வழுக்கி பக்கத்துல மெதுவா இருக்கிற அலுமினியத்தை தோண்டிடும், ஓட்டை நாசம். கொஞ்சம் வெளிய தெரியுதுன்னா குறட்டால பிடிச்சு முன்னயும் பின்னயும் அசைச்சு எடுங்க. தெரியலைன்னா பக்கத்துல 6 எம்எம் தள்ளி புது ஓட்டை போட முடியுமான்னு யோசிங்க, அது தான் லேசு.

அந்த இடத்துலயே தான் வேணும்னா படிகாரம். நாட்டு மருந்துக் கடைல கிடைக்கிற அதே படிகாரத்தை சுடுதண்ணில இனி கரையாதுங்கிற வரைக்கும் கரைச்சு, அதுக்குள்ள பிளேட்டை போட்டு சூடா வச்சிருந்தா இரும்பு டேப்பை அரிச்சு கறுப்புப் பொடியாக்கிடும், அலுமினியத்தை அநேகமா ஒன்னும் செய்யாது. மணிக்கூடு திருத்துறவங்க பித்தளைக்குள்ள முறிஞ்ச ஸ்குருவ எடுக்க செய்ற பழைய வழி இது. கண்ணாடி இல்லாட்டி எனாமல் பாத்திரம் எடுங்க, இரும்புச் சட்டின்னா சட்டியையும் தின்னுடும். பிளேட்ல இருக்கிற மத்த இரும்பு சாமான் எல்லாத்தையும் கழட்டிடுங்க. இறுக மூட வேணாம், வாயு கிளம்பும், காத்தோட்டமான இடத்துல வைங்க, சமையல் பாத்திரத்தை திரும்ப சமையலுக்கு எடுக்காதீங்க. ஒரு நாள், ரெண்டு நாள் கூட ஆகலாம், ஹைஸ்பீட் ஸ்டீல் டேப்னா இன்னும் இழுக்கும். என் கிட்ட வந்த ஒரு ஹொட்டென்ட் பிளேட்ல எம்3 டேப் துண்டு ராத்திரி போட்டது அடுத்த நாள் பின்னேரம் ஊசியால தட்டினதும் துகளா கொட்டிச்சு, கீழ புரி ஒரு சுத்து கூட சேதமில்லாம இருந்துச்சு.

## சதுரம் அடிச்சா சாய்ஞ்ச பெட்டியா வருது

பிரிண்டை விடுங்க, பிரேமோட மூலைக்கு மூலை அளங்க. ரெண்டும் சமமில்லைன்னா அங்க தான் கோளாறு.

மூலை ஸ்குருவ தளர்த்தி மூலைமட்டம் வச்சு இறுக்கிப் பாருங்க. இறுக்கும்போது திரும்ப சாயுதுன்னா புரொபைல் (பிரேமுக்குப் போட்ட அலுமினியச் சட்டம்) வெட்டின முனை சதுரமா இல்ல, ஆக்சா பிளேட்டால அறுத்தா அப்படித்தான் வரும். சின்ன சாய்வுன்னா சோடா டின்னை கத்திரிக்கோலால வெட்டி ஒரு துண்டு சொருகுங்க, அதோட தகடு ஏறக்குறைய 0.1 எம்எம், ஒன்னு ரெண்டு அடுக்கினா நேராயிடும். கூடின சாய்வுன்னா அரம் போட்டு மல்லுக்கட்டாம டவுன்ல அலுமினியம் ஜன்னல் கதவு செய்ற கடைக்கு கொண்டு போங்க. அவங்க கட்டிங் மெஷின்ல நாலு துண்டையும் ஒன்னா வச்சு ஒரே வெட்டு வெட்டித் தருவாங்க, அஞ்சு நிமிஷ வேலை. நீளம் சரியா 300 வராட்டியும் பரவாயில்ல, நாலும் சமமா இருக்கிறது தான் முக்கியம்.

பிரேம் சரியா இருந்தும் சாயுதுன்னா எக்ஸ் தண்டு ஒய் தண்டுக்கு சதுரமா நிக்கலை, பெல்ட் பக்கம் பாருங்க.

## காலைல நல்லா அடிக்குது, மழை நாள்ல முதல் லேயர் ஒட்டலை

அடிப் பலகை எம்டிஎஃப் (மரத்தூள் நாரை அழுத்திச் செஞ்ச பலகை) இல்லாட்டி பிளைவுட்னா வேற காரணமே தேட வேணாம். ஈரத்துல எம்டிஎஃப் ஊதும், காஞ்சதும் முழுசா பழைய நிலைக்கு வராது. வெட்டின ஓரங்களுக்கும் ஓட்டைக்குள்ளயும் வார்னிஷ் ரெண்டு கோட் அடிங்க, மேல் பக்கம் மட்டும் அடிச்சா பலகை வளைஞ்சிடும். நுவரெலியா பக்கம் இருக்கிறவங்க மரத்தை மறந்துட்டு 6 எம்எம் அலுமினியத்துக்கே போங்க.

## நொசில் மேல பிளாஸ்டிக் கசியுது

நொசிலை சூடாக்குற உலோகக் கட்டை, ஹீட்டர் பிளாக், நீங்களே செஞ்சதா? நொசிலை அடி வரைக்கும் முறுக்கி கால் சுத்து திருப்பி விடுங்க, மேலேர்ந்து ஹீட்பிரேக்கை (பிலமென்ட் உள்ள வர்ற மெல்லிசு குழாய்) நொசில்ல முட்டுற வரைக்கும் முறுக்குங்க, சூடேத்தி நொசிலை கடைசியா இறுக்குங்க. நொசில் ஹீட்பிரேக்ல முட்டணும், பிளாக்ல இல்ல. இன்னும் கசியுதுன்னா எம்6 புரி கோணலா விழுந்திருக்கு, ரெண்டு முகமும் ஒட்டாது. அந்த பிளாக்கை விட்டுட்டு கடைல வாங்கிடுங்க. ஹீட்பிரேக்கை வீட்ல செய்ற யோசனையே வேணாம், உள் ஓட்டை 2 எம்எம், அது கண்ணாடி மாதிரி இருந்தா தான் பிலமென்ட் சிக்காம போகும்.

## போர்ட் எரிஞ்சது, பிரேமை தொட்டா சுர்ருங்குது

அலுமினியத் தூள் தான் முதல் சந்தேகம். பிரிண்டரை அசெம்பிள் பண்ணின பிறகு "ஒரே ஒரு ஓட்டை தானே"ன்னு அங்கேயே டிரில் போடுவாங்க, சுருள் பறந்து போர்டுக்குள்ள விழுந்து ஷோர்ட் ஆகும். போர்டை கழட்டாம துளை போடாதீங்க, முடிஞ்சதும் பிரஷ்ஷால கூட்டி எடுங்க. ஊதித் தள்ளினா தூள் இன்னும் உள்ள தான் போகும்.

பிரேம்ல சுர்ருன்னா அதுக்கு மேல எதையும் சோதிக்க வேணாம். பிளக்கை கழட்டுங்க. வீட்டு லைன் 230 வோல்ட், பவர் சப்ளை எர்த் வயர் விட்டுப் போயிருக்கலாம், வீட்டு பிளக்குக்கே எர்த் இல்லாமலும் இருக்கலாம், பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வயரிங்ல இதை நான் ரெண்டு இடத்துல கண்டிருக்கேன். வீட்டுக்கு வயரிங் செய்ற எலக்ட்ரீசியனை கூப்பிட்டு எர்த்தை மீட்டர் வச்சு பார்க்கச் சொல்லுங்க, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதான்னும் அவரையே சோதிக்கச் சொல்லுங்க. அவர் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் மெஷினை போட வேணாம், வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா பிளக்கையே எடுத்து மேல வச்சிடுங்க.